இமை சோர்ந்தால் மூச்சை எண்ணுங்கள்

கேள்வி: மழை தொடங்கினால் எங்கள் பக்கம் பாம்புக்கடி கூடிவிடும். எட்டடி விரியன் கடித்தவர் வலியே இல்லாமல் படுத்திருந்து மூச்சு நின்றுபோவார் என்கிறார்கள். மூச்சுத் தசை செயலிழக்கப் போவதை முன்கூட்டியே எப்படி அறிவது?
- வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: இளைப்பு வரட்டும் என்று காத்திருந்தால் ஏமாந்துவிடுவீர்கள். இளைப்பதற்கும் தசைக்குப் பலம் வேண்டும். இந்த நஞ்சு பறிப்பது அதைத்தான். ஆள் சத்தமில்லாமல் அடங்கிக்கொண்டு போவார், வீட்டார் நித்திரை என்று நினைப்பார்கள்.

எட்டடி விரியன், அதாவது கட்டுவிரியன், பெரும்பாலும் இரவில் தரையில் பாய் போட்டுப் படுத்தவரைக் கடிக்கும். வீக்கம் இராது, பல்லடையாளமும் தெரியாமல் போகலாம். விடியற்புறம் காரணமில்லாத வயிற்றுவலியும் சத்தியும் வந்தால் வாய்வு என்று இஞ்சித் தண்ணீர் வைக்காமல் கண்ணைப் பாருங்கள். முதலில் சோர்வது மேலிமைதான். நெற்றியைச் சுருக்கி, நாடியை உயர்த்தி, இமைக்குக் கீழால் உங்களைப் பார்ப்பார். விரலை உயரப் பிடித்து ஒரு நிமிடம் பார்க்கச் சொன்னால் இமை தானாக இறங்கும். பிறகு ஒன்று இரண்டாகத் தெரியும், பேச்சு மூக்கால் வரும், எச்சில் கடைவாயால் வடியும். மல்லாக்கப் படுத்தபடி தலையைத் தூக்க முடியாவிட்டால் மூச்சுத் தசைக்கு அதிக நேரமில்லை.

இமை சோர்ந்ததுமே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். வண்டியில் போகும்போது, மூச்சை நிறைய இழுத்து ஒரே மூச்சில் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். சுகதேகி 30ஐத் தாண்டுவார். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை நேரத்தோடு எழுதி வையுங்கள். 28, 21, 14 என்று இறங்கினால் அந்தத் துண்டை வைத்தியரிடம் கொடுங்கள். 20க்குக் கீழே போனால் ஆபத்து. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு எழும்பி வயிறு உள்ளே போனால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் களைத்துவிட்டது. இரத்தத்தின் ஒட்சிசனை அளக்க விரலில் மாட்டும் கருவி 97 காட்டுகிறதே என்று ஆறுதல்பட வேண்டாம். ஒட்சிசன் ஏற்றினால் அந்த எண் நல்லாகவே நிற்கும், உள்ளே காபனீரொட்சைட்டு தேங்கிக்கொண்டிருக்கும்.

வாயால் எதுவும் கொடுக்காமல் இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே போங்கள்.

கேள்வி: விஷமுறிவு ஊசி போட்டாயிற்றே, பிறகும் ஏன் வென்டிலேட்டர்?
- வாசகி, மாங்குளம்

பதில்: ஊசி இரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே சிதைந்த நரம்பு முனை தானாக வளர்ந்து வர நாட்கள் எடுக்கும். அதுவரை இயந்திரம் மூச்சு விடும். கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் கிடந்தாலும் மூளை செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம், அதுவும் நஞ்சின் வேலையாக இருக்கலாம். கட்டிலருகில் ஒப்பாரி வைக்காதீர்கள், அவருக்குக் கேட்கும்.