கோல்ஃப்ல "ஹேண்டிகேப் 18" எண்டா என்ன?

பொரளைப் பக்கம் களனிவெளி ரெயில் நடுவால போற ரோயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பில (1879ல தொடங்கினது) ரெண்டு பேர் கதைக்கேக்க "எனக்கு 18, உங்களுக்கு எத்தின?" எண்டு கேக்கிறது இதைத்தான்.

முதல்ல "பார்" (par) எண்ட சொல்லு. ஒரு குழிக்குள்ள பந்தப் போட நல்ல ஆட்டக்காரருக்கு எத்தின அடி போதும் எண்ட கணக்கு அது. 18 குழிக்கும் சேத்து பார் 72 எண்டு வையுங்கோ, ஒருத்தர் மணலுக்குள்ள மாட்டி மூண்டு தரம் வீசி எப்பிடியோ 90ல முடிக்கிறார், அவருக்கு 18 கழிவு இருந்தா 72 எண்டு எடுப்பினம். அந்தக் கழிவுதான் ஹேண்டிகேப்.

ஏன் குடுக்கினம்? பழகினவரும் புதுசா வந்தவரும் ஒரே ஆட்டத்தில சமனா மோதத்தான். ஒழுங்கைக்குள்ள ஓட்டப்போட்டி வைக்கேக்க தம்பிய பத்தடி முன்னுக்கு விடுவம்தானே, அதேதான், தம்பிக்கும் வெல்ல சான்ஸ் இருக்கு, அண்ணாவும் உயிரக் குடுத்து ஓடோணும். எனக்கு இந்த விளையாட்டில பிடிச்சதே இதுதான்.

கனபேர் இத சராசரி ஸ்கோர் எண்டு நினைக்கினம், அப்பிடியில்ல, 2020ல வந்த உலக முறைப்படி கடைசி 20 ஆட்டத்தில சிறந்த 8 மட்டும்தான் கணக்கில வரும், அதால அநேகமான நாள் பாரையும் உங்கட ஹேண்டிகேப்பையும் கூட்டினா வாறத விடக் கூடத்தான் அடிப்பீங்கள்.