பழைய மாதிரி விமானத்தில் உள்ள ஸ்டிக்கரையும் பசையையும் சேதமில்லாமல் எடுப்பது எப்படி?

யாரைக் கேட்டாலும் "தின்னர் வாங்கித் துடைங்க, ஒரே நிமிஷம்" என்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டு நல்ல நல்ல விமானங்கள் பாழானதைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் செகண்ட் ஹேண்டில் ஒரு ஆர்சி விமானம், அதாவது ரிமோட்டில் பறக்கவிடும் மாதிரி விமானம், வாங்கியிருக்கிறீர்கள், பழைய சொந்தக்காரர் ஒட்டிய எண்ணும் பெயரும் கோடும் வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் அது என்ன பசை என்பது அப்புறம். பசைக்கு அடியில் இருப்பது என்ன என்று முதலில் பாருங்கள். பால்சா கட்டை மேல் சூடு வைத்து ஒட்டிய ஃபிலிமா, ஃபோமா, பிளாஸ்டிக்கா? தெர்மோகோல் துண்டைப் பெட்ரோலில் போட்டால் உருகிக் காணாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். தின்னரும், அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரும் அந்த வகை ஃபோமையும், பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் கிட்டையும் அப்படித்தான் தின்னும்.

நண்பர் மகன் ஒருவன் கல்லூரியில் என்சிசி ஏர் விங்கில் சேர்ந்து ஏரோமாடலிங்கில் விழுந்தவன். சேமித்த காசில் ஒரு பழைய பால்சா டிரெய்னரை (புதிதாகப் பழகுகிறவர்களுக்கான விமானம்) வாங்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். "அங்கிள், இந்தப் பேரை மட்டும் எடுத்துட்டா போதும், ஞாயித்துக்கிழமை பறக்க விட்டுடலாம்" என்றான். இறக்கையின் அடியில் முழ நீளத்துக்கு ஒரு வினைல் ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால் அப்பளம் மாதிரி பொடிப்பொடியாக வந்தது. வினைலை வளைய வைக்கும் எண்ணெய்ப்பசை நாளாக ஆக வெளியேறிவிடும், அதனால்தான் பழைய ஸ்டிக்கர் இப்படி நொறுங்குகிறது. அதற்கு இதமான சூடுதான் மருந்து.

ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டச் சொன்னேன். கை பொறுக்கும் சூடு போதும். ஹீட் கன் வேண்டவே வேண்டாம். அதன் சூட்டில் ஃபிலிம் சுருங்கி இறக்கையையே முறுக்கிவிடும். ஓரம் இளகியதும் ஸ்டிக்கரை மேலே தூக்கக் கூடாது. அதன் மேலேயே மடித்து, ஃபிலிமை ஒட்டினாற்போல் மெதுவாகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். மேலே தூக்கினால் ஃபிலிமும் பால்சாவை விட்டுக் கிளம்பிவிடும். இறக்கைக்குள் விலா எலும்பு மாதிரி வரிசையாக நிற்கும் கட்டைகள்தான் ரிப். இரண்டு ரிப்புக்கு நடுவில் அடியில் ஒன்றுமே கிடையாது, வெறும் ஃபிலிம்தான். அங்கே ஒரு விரலால் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே இழுக்க வேண்டும்.

பாதி வந்ததும் பையன் நிறுத்திவிட்டான். ஸ்டிக்கருக்கு அடியில் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. அதையும் எடுத்தால், கிழிந்த ஃபிலிம். அதற்குள் ஒரு ரிப் இரண்டாக உடைந்து நின்றது. விற்றவர் "அப்படியே பறக்க விடலாம்" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார். காற்றில் ஒரு திருப்பம் திருப்பியிருந்தால் இறக்கை மடிந்திருக்கும், கீழே யார் தலையில் விழுந்திருக்குமோ. ரிப்பை மாற்றி, அந்த இடத்துக்குப் புது ஃபிலிம் போட்ட பிறகுதான் விட்டோம். பழைய விமானம் வாங்குகிறவர்கள், அழகாக இருந்தாலும் சரி, ஸ்டிக்கரை எடுத்துப் பார்த்துவிடுங்கள். எல்லா விற்பனையாளரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு நேர்மையாக விற்றவர்களும் இருக்கிறார்கள்.

மிச்சப் பசைக்கு முதலில் மாஸ்கிங் டேப். ஒட்டும் பக்கத்தைப் பசை மேல் அழுத்தி வெடுக்கென்று எடுங்கள், பெரும்பகுதி டேப்போடு வந்துவிடும். கெட்டியான ஃபிலிமுக்கும் ஃபைபர் பாடிக்கும்தான் வெடுக்கென்று. ஃபோமில் மெதுவாக எடுங்கள், இல்லாவிட்டால் மணி மணியாகப் பிய்ந்து வரும். பிறகு பழைய பனியன் துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்து, கொஞ்ச நேரம் மேலே வைத்திருந்து, ஒரே திசையில் தேய்த்தால் பசை உருண்டு திரளும். எதுவானாலும் கண்ணுக்குத் தெரியாத மூலையில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

தேங்காய் எண்ணெய், டபிள்யூடி-40 எல்லாம் பசையை எடுக்காதா என்று கேட்பீர்கள். எடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஃபிலிமில் ஓர் ஊசித் துளை இருந்தாலும் எண்ணெய் பால்சாவுக்குள் இறங்கிவிடும். எண்ணெய் குடித்த கட்டையில் பிறகு ஃபிலிமும் ஒட்டாது, பசையும் பிடிக்காது.

அலமாரியில் வைக்கும் பிளாஸ்டிக் கிட் என்றால் கதை வேறு. அதில் இருப்பது நீரில் நனைத்து ஒட்டும் டீகால். வெதுவெதுப்பான நீரோ வினிகரோ நனைத்த துணியை மேலே போட்டு ஊறவிட்டு டேப்பால் எடுங்கள். ஆல்கஹால் வேண்டாம், அக்ரிலிக் பெயிண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்த விமானத்தை ஊருக்கு வெளியே காலி நிலத்தில் விடப் போனால், "ட்ரோனா? கேமரா இருக்கா?" என்று ஆள் ஆளுக்கு விரட்டுகிறார்கள். 2021-இல் வந்த ட்ரோன் விதிகளிலேயே, பொழுதுபோக்குக்காகக் கண்ணெதிரே பறக்கவிடும் 25 கிலோவுக்கு மிகாத மாதிரி விமானத்துக்கு என்று தனி வரையறை இருக்கிறது. தடை செய்யப்பட்ட பகுதியில் விடக் கூடாது என்பது சரி, நாங்களும் விடுவதில்லை. கேமராவே இல்லாத பால்சா கட்டையை வைத்துக்கொண்டு ஒரு மாணவன் ஏன் குற்றவாளி போல நிற்க வேண்டும்?

சரி, பசை போன பிறகும் பழைய எழுத்தின் நிழல் தெரியலாம். அது கறை இல்லை. சுற்றிலும் வெயிலில் வெளுத்திருக்கிறது, ஸ்டிக்கருக்கு அடியில் மட்டும் பழைய நிறம் அப்படியே இருக்கிறது. என்ன தேய்த்தாலும் போகாது, அதை மறைக்கிற அளவுக்குக் கொஞ்சம் பெரிய ஸ்டிக்கராக வெட்டிக்கொள்ளுங்கள். ஒட்டும் முன் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த நீரை இலேசாகத் தெளித்தால், ஸ்டிக்கரை நகர்த்தி நேராக்க முடியும். பிறகு பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளி, இரவு முழுக்கக் காயவிடுங்கள்.