படிவத்தில் 'நோக்கம்' என்ன என்று பாருங்கள்

கேள்வி: எங்கள் தொல்குடிச் சமூகத்தில் சர்க்கரை நோய் ஆய்வுக்கு ரத்தம் எடுக்க வருகிறார்கள். "பெயர் வெளியே வராது, ஆளுக்கொரு கையெழுத்து போதும்" என்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆய்வே கூடாது என்று சொல்லவில்லை. முதலில் அவர்கள் கையெழுத்துக் கேட்கும் ஒப்புதல் படிவம் திருந்தட்டும்.

'நோக்கம்' என்ற இடத்தில் விரல் வைத்துப் படியுங்கள். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பகுதியில் வாழும் ஹவசுபாய் மக்கள் 1990 முதல் சர்க்கரை நோய் ஆய்வென்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். படிவத்தில் இருந்ததோ 'நடத்தை, மருத்துவக் கோளாறுகள்' என்ற அகன்ற வாசகம். அதே ரத்தத்தில் ஆய்வாளர்கள் மனச்சிதைவையும், முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் ஆராய்ந்தார்கள். விஷயம் தெரிந்தது 2003-இல். வழக்காடி, 2010-இல்தான் 7 லட்சம் டாலரும் மீதி ரத்த மாதிரிகளும் கிடைத்தன. அதனால் 'சர்க்கரை நோய்க்கு மட்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். 'எதிர்கால ஆய்வுகளுக்கும்' என்றிருந்தால் அடித்துவிடுங்கள்.

பெயரை நீக்கினால் ஆபத்தில்லை என்பதை நம்பாதீர்கள். சில நூறு பேர் உள்ள சமூகத்தில் ஊரும் வயதும் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். சமூகத்தின் பெயர் கட்டுரையில் வந்தால் பழி எல்லோருக்கும்தான். அதனால் ஆளுக்கொரு கையெழுத்துக்கு முன் ஊர்க்கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். பல நெறிமுறைக் குழுக்கள் இன்னமும் தனிநபர் கையெழுத்தை எண்ணிப் பார்த்து அனுமதி கொடுத்துவிடுகின்றன. இத்தனை நடந்த பிறகும் இப்படியா?

இடைத்தரகர்களிடம் மிகவும் கவனமாக இருங்கள். "நான் பேசி முடித்துத் தருகிறேன்" என்று வருபவர் உங்கள் ஆள் இல்லை. ஆய்வுக்குழுவிடம் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று எல்லோர் முன்னாலும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அவரை விலக்கிவிட்டு ஆய்வாளர்களிடம் நேரடியாகப் பேசுங்கள்.

தரவு எங்கே, யார் கையில் இருக்கும் என்றும் கேளுங்கள். கனடாவின் முதற்குடி மக்கள் தங்கள் தரவுக்காக 1998-இல் வகுத்த கொள்கையில் உடைமை, கட்டுப்பாடு, அணுகல் என்ற மூன்று இருந்தன; தரவைத் தாங்களே 'கைவசம் வைத்திருத்தல்' என்பதையும் பின்னர் தனியாகச் சேர்த்தார்கள்.

படிவத்தில் வரும் 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்ற வரிக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ரத்த மாதிரியைத் திருப்பிக் கேட்கலாம், அழிக்கச் சொல்லலாம். ஆனால் உங்கள் தரவு மற்றவர்களுடையதோடு கலந்து கணக்கிடப்பட்டு அச்சில் வந்துவிட்டால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றினாலும் அப்படித்தான். யார் யாரோ இறக்கி வைத்திருப்பார்கள், யாரிடம் போய்க் கேட்பீர்கள்? விலக எந்தத் தேதிவரை முடியும், எங்கள் அனுமதி இல்லாமல் பொதுவில் ஏற்றுவீர்களா என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு ஊர்க்கூட்டத்தைக் கூட்டுங்கள்.