கரியடுப்பும் மரத்துப்போகும் விரல்களும்

அன்புள்ள அக்காவுக்கு,

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருந்து எழுதுகிறேன். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவதுதான் தொழில். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, அதனால் காலையில் டேப்லெட் முன்னால் உட்கார்ந்தால் ராத்திரி வரைக்கும் எழுந்திருக்க மனசு வருவதில்லை. மிச்ச நேரத்தில் எனக்காக ஆயில் பெயின்ட். இப்போது கழுத்து பிடித்துக்கொள்கிறது. தூக்கத்தில் வலதுகைக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய் முழிப்பு வந்துவிடுகிறது, கையை உதறினால் சரியாகிவிடும். குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுக் காலடியில் கரியடுப்பு வைத்துக்கொள்கிறேன். மதியத்துக்கு மேல் தலைவலி வருகிறது, அதுவும் கழுத்தால்தான் என்று நினைக்கிறேன். நல்ல நாற்காலி வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். விலையைப் பார்த்தால் இரண்டு புத்தகக் கூலி போய்விடும். வாங்கலாமா? தினமும் காலையில் ஏரியை ஒரு சுற்று நடக்கிறேனே, அது போதாதா? பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

நாற்காலியை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன கரியடுப்புதான் என்னைப் பயமுறுத்துகிறது. முதல் வேலையாக அதைத் தூக்கி வெளியே வையுங்கள்.

புகை அடங்கித் தணல் பிடித்துவிட்டால் ஆபத்தில்லை என்று இங்கே நிறையப் பேர் நம்புகிறார்கள். அந்தப் புகையில்லாத தணலில் இருந்துதான் கார்பன் மோனாக்சைடு ஏராளமாக வருகிறது. நிறம் கிடையாது, வாடை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டவேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், அப்புறம் தூக்கம் மாதிரி ஒரு அசதி, அதற்குப் பிறகு எழுந்து கதவைத் திறக்கத் தெம்பிருக்காது. ராத்திரி அறைக்குள் கரி மூட்டிவிட்டுப் படுத்து இறந்துபோனவர்களைப் பற்றி நம் மலையிலேயே செய்தி படித்திருப்பீர்கள். உங்கள் தலைவலி கழுத்தால் வருவதாகவும் இருக்கலாம், ஆனால் அடுப்பு உள்ளே இருக்கிறவரை அப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். என்றைக்காவது தலைவலியோடு குமட்டலோ கிறுகிறுப்போ வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள், யாரையாவது துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கரியடுப்பு வைத்திருந்தேன் என்று சொல்லுங்கள்.

அதே மூடிய அறையில்தான் ஆயில் பெயின்ட்டைக் கரைக்கிற டர்பன்டைனும் இருக்கும் என்பது இன்னொரு கவலை. அதன் ஆவியும் தலைவலி தரும், தணல் பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கவும் செய்யும். டர்பன்டைன் டப்பாவை மூடியே வைத்திருங்கள், பிரஷ்ஷைச் சமையல் எண்ணெயில் துடைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவினாலே பெரும்பாலும் போதும். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அவை தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளக் கூடியவை. தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். ஆயில் பெயின்ட் வேலையை வெயில் வருகிற நாளில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். மூடுபனி நாட்களை டேப்லெட்டுக்கு விட்டுவிடலாம்.

சரி, கை. நீங்கள் சொல்கிற விரல்களைப் பார்த்தால் மணிக்கட்டு வழியாக வருகிற நடு நரம்பு அழுத்தப்படுகிறது என்று தோன்றுகிறது. கார்ப்பல் டனல் என்பார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவைதான் அந்த நரம்பின் எல்லை. ராத்திரியில் எழுப்புவதும் உதறினால் விடுவதும் அதன் வழக்கமான அடையாளங்கள். தூங்கும்போது மணிக்கட்டு நம்மை அறியாமல் மடங்கிவிடுகிறது, அதனால்தான் ராத்திரித் தொல்லை. மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், படுக்கும்போது மட்டும் கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் பட்டையோடு நிறுத்திவிடக் கூடாது. சர்க்கரை நோயும் தைராய்டு குறைவும்கூட இதைக் கொண்டுவரும் என்பதால் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். நரம்புப் பரிசோதனை வேண்டும் என்றால் மதுரைக்குப் போகவேண்டியிருக்கும், போய்விட்டு வாருங்கள். கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்தாலோ, பிடித்த டம்ளர் நழுவ ஆரம்பித்தாலோ ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வரைகிறவனுக்கு அந்தச் சதைதான் சோறு போடுகிறது.

பிடிமானத்தைப் பற்றியும் யோசியுங்கள். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி விரல் உணர்விழக்கும்போது, பேனா நழுவிவிடுமோ என்று நாம் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறோம். பத்து மணிநேரம் அப்படி இறுக்கினால் எந்த மணிக்கட்டு தாங்கும்? டேப்லெட் பேனாவுக்கு மெல்லிய துணியோ ரப்பரோ சுற்றித் தடிமனாக்குங்கள். அமைப்புகளுக்குள் போய் அழுத்தத்தை மாற்றினால் லேசாகத் தொட்டாலே கனமான கோடு விழும், பலரும் அதைத் தொடுவதே இல்லை. விரல் நுனியை வெட்டிய கம்பளிக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அதைவிட முக்கியமாக ஸ்வெட்டரும் குல்லாவும்: உடம்பு சூடாக இருந்தால்தான் விரலுக்கு ரத்தம் போகும். மடியில் ஒரு வெந்நீர்ப் பை, கரியடுப்பு செய்த வேலையைச் செய்துவிடும். நீளமான கோடுகளைத் தோளில் இருந்து இழுத்துப் பழகுங்கள். சுவரிலும் போர்டிலும் எழுத்து வரைகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா, ஒரு குச்சியை முட்டுக்கொடுத்து அதன்மேல் கையைத் தாங்கி வைத்துக்கொண்டு முழுக்கையும் நகர வரைவார்கள். மணிக்கட்டு அப்படியே நேராக இருக்கும்.

ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர் 1713-இலேயே எழுத்தர்களின் நோய்களுக்கு மூன்று காரணங்களைச் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே மாதிரி இடைவிடாமல் அசைவது, மனம் குவிந்தே இருப்பது. உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. மலையில் நான்காவதாகக் குளிரைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். குளிர்தான் நம்மை ஜன்னலைச் சாத்தவைக்கிறது, போர்த்திக்கொண்டு ஒடுங்கவைக்கிறது. தாகம் எடுக்காததால் தண்ணீர் குடிப்பதில்லை, பாத்ரூமின் சில்லிப்புக்குப் பயந்து சிறுநீரையும் அடக்கிக்கொள்கிறோம். எழுந்திருப்பதற்கான காரணம் ஒவ்வொன்றையும் குளிர் தட்டிப்பறித்துவிடுகிறது.

இதனால்தான் ஏரிச் சுற்று மட்டும் போதாது என்கிறேன். நடையை விட்டுவிடாதீர்கள், அது இதயத்துக்கு நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர், தினமும் சுற்றினால் அந்தக் கணக்கில் நீங்கள் தாராளமாகத் தேறிவிடுவீர்கள். ஆனால் காலையில் நடந்த கால் மத்தியானம் குனிந்தே கிடக்கிற கழுத்துக்கு ஒன்றும் செய்யாது. தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ. அதை முன்னால் தொங்கவிட்டபடி மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டிருப்பது பிடரித் தசைகள். டேப்லெட்டை மேசையில் படுக்கவைக்காமல், பலகை போட்டுச் சரிவாக நிமிர்த்துங்கள், தலை தானாக நிமிரும்.

எழுந்திருப்பதற்கு அலாரம் வைக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, வேலை மும்முரத்தில் கை தானாகவே அதை அணைத்துவிடும். படத்துக்காக எழுந்திருங்கள். கான்வாஸில் வரைகிறவர்கள் பின்னால் நகர்ந்து நகர்ந்து பார்ப்பார்கள், பத்தடி தள்ளி நின்றால்தான் எந்த இடம் கனக்கிறது, எது துண்டாக நிற்கிறது என்பது தெரியும். திரையில் நாம் இரண்டு விரலால் படத்தைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிடுகிறோம். இந்தப் பழக்கம் உடம்பை மட்டுமல்ல, படத்தையும் கெடுக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு உருவம் முடிந்தால், ஒரு வண்ணம் போட்டு முடிந்தால், எழுந்து அறையின் மறுகோடிக்குப் போய்ப் பாருங்கள். கண்ணுக்கும் அது ஓய்வு, திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடுகிறது. வெந்நீர் ஃபிளாஸ்க்கை மேசையில் வைக்காதீர்கள், அடுப்படியில் வையுங்கள். ஆயில் பெயின்ட்டை நின்றுகொண்டே செய்யுங்கள்.

நாற்காலி இப்போது வேண்டாம். பாதம் தரையில் முழுதாகப் பதிகிறதா, முதுகுக்குக் கீழே தாங்கல் இருக்கிறதா, தோளைத் தூக்காமல் முழங்கை மேசைமேல் அமர்கிறதா என்று மட்டும் பாருங்கள். காலடியில் ஒரு மணை, முதுகுக்கு ஒரு தலையணை, இருக்கிற நாற்காலியே சரியாகிவிடக்கூடும். மிச்சமாகும் பணத்தில் மின்சார ஹீட்டரும் மதுரைப் பயணமும் முடிந்துவிடும். ஹீட்டருக்கும் ஜன்னலில் ஒரு இடுக்குத் திறந்திருக்கட்டும், டர்பன்டைன் திறக்கிற நாளில் அதைப் போடவேண்டாம்.

பதிப்பாளரிடம் கை விஷயத்தை இந்த வாரமே சொல்லிவிடுங்கள். கூலி பக்கக் கணக்கு என்பதால் நாளைக் கூட்டிக் கேட்பது சலுகை இல்லை, அவருக்கும் படம் நன்றாக வரவேண்டும். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், இடதுகையால் நாலு வரி போதும்.

அன்புடன்,
அக்கா