கடலில் டைவ் முடித்து எத்தனை மணி நேரம் கழித்து ஏற்காடு ஏறலாம்?

கேள்வி: நானும் கணவரும் புதுச்சேரியில் ஸ்கூபா (முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்துவது) பழகி, ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலைச் சான்றிதழ் வாங்கியிருக்கிறோம். ஜூன் மாதம் திருகோணமலையில் நான்கு நாள் டைவ் செய்யப் போகிறோம். கடைசி டைவ் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு முடியும். இரவோடு இரவாகக் காரில் கொழும்பு, ஞாயிறு காலை 8 மணிக்குத் திருச்சி விமானம். அங்கிருந்து நேராக ஏற்காடு; அக்கா குழந்தைக்குக் காதுகுத்து. விமானம் ஏற இடைவெளி வேண்டும் என்று தெரியும். மலை ஏறவும் வேண்டுமா? மட்டக்களப்புப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலையும் பார்க்க ஆசை. முடியுமா?
– வாசகி, சேலம் அஸ்தம்பட்டி

பதில்: மலை ஏறவும் இடைவெளி வேண்டும். ஆனால் உங்கள் திட்டத்தில் இடிப்பது ஏற்காடு இல்லை, விமானம்தான்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் மருத்துவ அமைப்பின் பரிந்துரை இது: ஒரே ஒரு டைவ் செய்தவர் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு நாளில் பல டைவ், அல்லது தொடர்ந்து பல நாள் டைவ் செய்தவர் குறைந்தது 18 மணி நேரம். மாலை 4 மணியிலிருந்து காலை 8 வரை 16 மணி நேரம்தான் வருகிறது. சனிக்கிழமை மதிய டைவை விட்டுவிடுங்கள். காலை டைவ் முடிந்து 11 மணிக்குள் கரையேறினால் 21 மணி நேரம் கிடைக்கும். பணம் கட்டியாயிற்றே என்று தயங்க வேண்டாம். அந்த மதிய நேரத்தில் நிலாவெளிக் கடற்கரையில் உட்கார்ந்து நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். மது வேண்டாம்.

இனி மலை விஷயம். இந்த மணிக்கணக்கு விமானத்துக்கு மட்டும் பொருந்துவதல்ல. சுமார் 600 மீட்டரிலிருந்து 2,400 மீட்டர் வரையிலான உயரத்தில் நிலவும் காற்றழுத்தத்தை வைத்துச் சொன்னது. அந்த அழுத்தம் விமானத்துக்குள் இருந்தாலும் ஒன்றுதான், மலை மேல் இருந்தாலும் ஒன்றுதான். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, கவலையில்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சேர்வராயன் கோயில் இன்னும் மேலே, 1,600 மீட்டரைத் தாண்டும்.

ஏற்காட்டில் குடித்து முடித்த தண்ணீர் பாட்டிலை அங்கேயே இறுக மூடி, காரில் போட்டுக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வாருங்கள். அடிவாரத்தில் எடுத்துப் பார்த்தால் பாட்டிலின் பக்கம் ஒடுங்கியிருக்கும். மேலே இருந்த காற்றைக் கீழே உள்ள அழுத்தம் நெருக்கிவிட்டது. மலை ஏறும்போது இது தலைகீழாக நடக்கும்; மூடிய இடத்திலிருக்கும் காற்று விரியும்.

உடம்பில் நடப்பதும் இதோடு சேர்ந்ததுதான். 18 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 2.8 மடங்கு. அங்கே மூச்சாக இழுக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைந்து சேர்கிறது. மேலே வந்ததும் அது ஒரேயடியாகப் போய்விடாது, மூச்சு வழியாக மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறும். நாள்தோறும் டைவ் செய்தால் பாக்கி சேர்ந்துகொண்டே போகும். அந்தப் பாக்கியோடு அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் நைட்ரஜன் குமிழியாகப் பிரியும், இருக்கிற குமிழி பெரிதாகும். டீகம்ப்ரஷன் நோய் என்பது இதுதான்.

சேலத்திலிருந்து ஏற்காடு போனால் குறையும் அழுத்தம், தண்ணீரில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கும் குறைவு. இவ்வளவு சிறியது என்ன செய்துவிடும் என்று தோன்றும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் டைவ் அட்டவணையும், கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரும் போடும் கணக்கு, நீங்கள் கடல் மட்டத்தில் கரையேறி அங்கேயே இருப்பீர்கள் என்பதுதான். டைவ் முடிந்த சில மணி நேரத்தில் உடம்பு நைட்ரஜனைத் தாங்கும் வரம்பை ஒட்டியே இருக்கலாம். அப்போது அந்தச் சின்ன வித்தியாசமே போதும்.

இதை நான் அழுத்திச் சொல்வது திருகோணமலைக்காக அல்ல, புதுச்சேரிக்காக. விமானம் ஏறுபவருக்கு யாராவது நினைவூட்டிவிடுவார்கள்; டைவ் கம்ப்யூட்டரிலேயே குட்டி விமானப் படம் எரியும். ஆனால் புதுச்சேரியில் காலை இரண்டு டைவ் முடித்து, சாப்பிட்டுவிட்டு, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாக நாலைந்து மணி நேரத்தில் சேலம் வந்து, அப்படியே இரவுத் தங்கலுக்கு ஏற்காடு ஏறுபவருக்கு யார் சொல்வது? காரில்தானே வந்தோம் என்ற எண்ணம் வேறு. அவர் அன்றிரவு சேலத்திலேயே படுத்து, மறுநாள் காலை ஏறட்டும். நீங்களும் அடுத்த முறை அப்படியே செய்யுங்கள். இலங்கையிலும் இந்தப் பொறி உண்டு: கடலில் டைவ் செய்த கையோடு நுவரெலியா போகிறார்கள். அது 1,800 மீட்டருக்கு மேல். நீங்கள் கொழும்புக்குப் போகும் தம்புள்ளை வழிப் பாதை தாழ்வானது, பிரச்சினை இல்லை.

உங்கள் திட்டப்படி மதிய டைவை மட்டும் விட்டால், ஞாயிறு மாலை ஏற்காட்டில் இருக்கும்போது 24 மணி நேரம் தாண்டியிருக்கும். தாராளமாகப் போகலாம்.

ஹெர்மிஸ் இப்போது வேண்டாம். விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைத்துக் கட்டிய அதை 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அது கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. உங்கள் சான்றிதழ் 18 மீட்டருக்கு; பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர். அங்கே போகத் தனிப் பயிற்சி வேண்டும், மேலே வரும் வழியில் நின்று நின்று வர வேண்டும், அதற்குப் பின் விமான இடைவெளியும் நீளும். அதே நாளில் மூழ்கிய 'பிரிட்டிஷ் சார்ஜென்ட்' என்ற கப்பல் இருபத்துச் சொச்ச மீட்டரில் இருக்கிறது; அட்வான்ஸ்டு பயிற்சி முடித்துவிட்டு அதற்குப் போங்கள். இந்த முறை புறாத்தீவின் பவளப்பாறைகள் போதும். ஆழம் குறைவு, வெளிச்சம் நன்றாக விழும், கருமுனைத் துடுப்புச் சுறாக்களைப் பார்க்க வாய்ப்புண்டு. பவளத்தின் மேல் மட்டும் கால் வைத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இடைவெளி விட்டாலும் ஆபத்து குறையுமே தவிர முழுதாகப் போகாது. காதுகுத்து வீட்டில் தோளோ முழங்கையோ வலித்தால் சிலிண்டர் தூக்கிய வலி என்று தைலம் தேய்த்துப் படுக்காதீர்கள். மரத்துப்போதல், தலைசுற்றல், தோலில் திட்டுத்திட்டாகச் சிவப்பு, காரணமில்லாத அசதி, சிறுநீர் கழிக்கச் சிரமம் எதுவானாலும் 108-ஐ அழைத்து, ஆக்சிஜன் கேட்டு வாங்கிச் சேலத்துக்கு இறங்கிவிடுங்கள். மருத்துவரிடம் முதல் வாக்கியமே 'கடலில் டைவ் செய்தேன்' என்று இருக்கட்டும். எத்தனை டைவ், எவ்வளவு ஆழம், எப்போது முடிந்தது என்று டைவ் கம்ப்யூட்டரையே கையில் கொடுங்கள். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் அவசர எண்ணைக் கிளம்பும் முன்பே உங்கள் போனிலும் கணவர் போனிலும் பதிந்துகொள்ளுங்கள். டைவிங் நோயை முன்பின் பார்த்திராத மருத்துவர் என்றால், அவரை அவர்களோடு பேச வைக்கலாம்.