அலையிலிருந்து மின்சாரம்: மகளின் ஆசைக்கு எந்தப் பட்டப்படிப்பு?

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ படிக்கும் தங்கள் மகள், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக மிதவை ஒன்றில், அழுத்தினால் மின்சாரம் தரும் பீசோ தகடுகளைப் பொருத்தி எல்.இ.டி. விளக்கை எரியவைத்ததையும், அதையே மேற்படிப்பாக எடுக்க வேண்டும் என்று உறுதியாக நிற்பதையும், இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று தாங்கள் தவிப்பதையும் கடிதத்தில் படித்தேன். தங்கள் கவலைக்கான விடை அந்தத் தகட்டிலேயே இருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுகிறது என்பதை 1880-ல் பிரான்சின் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். பீசோ தகடுகளில் இன்று பெரும்பாலும் பயன்படுவது ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் கலந்த செராமிக். இது வேகமாக அதிரும்போதுதான் பயனுள்ள அளவுக்கு மின்திறன் தரும். கடலலையோ ஒன்று வந்து அடுத்தது வர ஐந்து முதல் பத்து விநாடிகள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே, அலையின் மெதுவான ஏற்ற இறக்கத்தைக் கொண்டு தகட்டை வீணைத் தந்தியைப் போல மீண்டும் மீண்டும் சுண்டிவிடும் அமைப்புகளை ஆய்வாளர்கள் வடிவமைக்கிறார்கள். அப்படியும் ஒரு சிறு தகட்டிலிருந்து கிடைப்பது மில்லிவாட் கணக்கில்தான். ஊருக்கு விளக்கேற்ற அது போதாது. ஆனால் நடுக்கடலில் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளக்கும் உணரிக்கு, பேட்டரி மாற்ற ஆள் அனுப்ப வேண்டிய தேவையைக் குறைக்க அதனால் உதவ முடியும்.

பெரிய அளவிலான அலை மின்சாரம் வேறு இயந்திரங்களின் வேலை. 1991-ல் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் சென்னை ஐ.ஐ.டி. அமைத்த 150 கிலோவாட் நிலையம், அலை உந்தும் காற்றால் டர்பைனைச் சுழற்றியது. அதே நிறுவனம் 2022 நவம்பரில் தூத்துக்குடிக் கரையிலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவில் சோதித்த சிந்துஜா-1, நூறு வாட் அளவுக்கான மிதவை. இந்த வேறுபாட்டை மகள் நான்காம் ஆண்டு புராஜெக்டின்போது அறிந்து மனமுடைவதைவிட இப்போதே அறிவது நல்லது.

பிழைப்பைப் பொறுத்தவரை, இதே செராமிக்தான் மருத்துவமனை அல்ட்ராசவுண்ட் கருவியிலும், மீனவர்களின் மீன்காட்டும் கருவியிலும், ஒலியைக் கொண்டு நீருக்கடியில் உள்ளதைக் கண்டறியும் கடற்படையின் சோனாரிலும் இருக்கிறது. கொச்சியில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகமும், பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகமும் இவ்வகைக் கருவிகளோடு நேரடித் தொடர்புடையவை. அந்த செராமிக்கின் எடையில் பாதிக்கு மேல் ஈயம் என்பதால், ஈயமில்லாத மாற்றுப் பொருளைத் தேடும் ஆய்வும் உலகெங்கும் நடக்கிறது. எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை.

எனவே, விளம்பரத்தில் பளிச்சென்று தெரியும் குறுகிய பெயர் கொண்ட பட்டங்களைத் தவிர்த்து, அடித்தளமான துறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பொருளின் மீது ஆர்வம் என்றால், அண்ணா பல்கலைக்கழக ஏ.சி. டெக் வளாகத்தின் செராமிக் டெக்னாலஜி அல்லது திருச்சி என்.ஐ.டி.யின் உலோகவியல், பொருளறிவியல் பிரிவு பொருந்தும். கடலின் மீது ஆர்வம் என்றால், ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வழியாகச் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறைக்கு முயலலாம். இரண்டும் கிட்டாவிட்டால், நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் அல்லது இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) படித்துவிட்டு, முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வெழுதி எம்.டெக்.கில் இத்துறைக்கு வரலாம்.

பி.டெக். முடித்தவுடன் அலை மின்சாரத்துக்கென்றே ஆள் எடுக்கும் நிறுவனங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆய்வுதான் இலக்கு என்றால் முதுநிலையும் முனைவர் பட்டமும் தேவைப்படும். குடும்பம் அத்தனை ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஆண்டுகள் முழுவதும் தங்கள் பணத்திலேயே நடக்க வேண்டியதில்லை. கேட் மூலம் எம்.டெக். சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. முனைவர் பட்ட ஆய்வின் தொடக்க ஆண்டுகளுக்கான இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்.

கலந்தாய்வுக்கு முன் மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். தகட்டை விநாடிக்கு ஒருமுறை தட்டினால் மின்னூட்டத்தைச் சேமிக்கும் ஒரு மின்தேக்கி நிறைய எவ்வளவு நேரமாகிறது, பத்து முறை தட்டினால் எவ்வளவு என்று மல்டிமீட்டர் வைத்து அளந்து எழுதட்டும். அடுத்து அவர் மாற்ற நினைப்பது தகட்டையா, மிதவையையா, மின்சுற்றையா என்பதையும் அதன் கீழே குறிக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டுடன் இருவரும் வாருங்கள். விருப்பப் பட்டியலை அதைப் பார்த்தே வரிசைப்படுத்துவோம்.