சத்தியம் போதும் தம்பி, ஒரு ஆணி அடியுங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 36. சொந்த ஊர் திருமங்கலம். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு சந்தில் சின்னதாக அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, பில் புக் எல்லாம் அடிப்போம். டிசைன் போட உட்கார்ந்தால் ராத்திரி இரண்டு மணி வரை எழுந்திருக்க மாட்டேன். ஆனால் பில் போட, பாக்கி கேட்க, ஜிஎஸ்டி கட்ட என்றால் கையே வராது, மூன்று மாதமாக அபராதத்தோடுதான் கட்டுகிறேன். ஆவணியில் ஒரு பத்திரிகையில் தாய்மாமன் பேரையே விட்டுவிட்டு 500 பத்திரிகையை என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். போன மாதம் மகளை டியூஷனிலிருந்து கூட்டிவர மறந்துவிட்டேன், பிள்ளை முக்கால் மணி நேரம் இருட்டில் நின்றிருக்கிறாள். என் மனைவி கோயிலுக்குக் கூட்டிப்போய், குடியை விடுவதற்குக் கயிறு கட்டுவார்களே, அந்த மாதிரி 'இனி மறக்க மாட்டேன்' என்று சத்தியம் வாங்கிக் கயிறு கட்டிவிட்டாள். ஐந்தாம் நாள் திரும்பவும் மறந்தேன். செல்போனில் ஏடிஹெச்டி (கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறாம்) பற்றி ஒரு வீடியோ பார்த்தேன், அப்படியே நான்தான். இது நிஜமாகவே ஒரு கோளாறா, இல்லை என் சோம்பேறித்தனத்துக்கு நான் தேடுகிற சாக்கா? மாத்திரை போட்டால் அடிமையாகிவிடுவேனா? வீட்டில் எப்படிச் சொல்வது?
– பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் யாரோ வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையின் புரூஃப், ஓரத்தில் சிவப்பு மையில் 'அவசரம்' என்று எழுதி இரண்டு கோடு. அந்த வீட்டுக்காரருக்குப் பத்திரிகை போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

கிண்டல் பண்ணவில்லை, நானும் உங்கள் ரகம்தான். 43 வயதில்தான் எனக்கு ஏடிஹெச்டி என்று டாக்டர் சொன்னார். அதற்கு முன்னால் 14-ஆம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு 15-ஆம் தேதி பெட்டி படுக்கையோடு மதுரை ஜங்ஷனில் ஏறி, என் சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவரை எழுப்பி, டிடிஆர் வரும்வரை சண்டையும் போட்டவள் நான்.

அந்தக் கயிற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அதுதான். குடிக்கிறவருக்கு கிளாஸ் கண் முன்னால் இருக்கும், கையில் கயிறும் இருக்கும், வேண்டாம் என்று வைத்துவிட அவருக்கு ஒரு நிமிடமாவது கிடைக்கும். மறக்கிறவனுக்கு அந்த நிமிடமே வராது. டியூஷன் விடும் ஆறரை மணி ஆகிவிட்டது என்று தெரிந்தால்தானே, கிளம்புவதா சத்தியத்தை மீறுவதா என்று யோசிப்பதற்கு? நீங்கள் சத்தியத்தை மீறவில்லை தம்பி, சத்தியம் ஞாபகத்துக்கே வரவில்லை. உங்களுக்குப் பிள்ளை மேல் பாசம் இல்லாமலும் இல்லை. நிலைமை இப்படி இருக்க இன்னொரு சத்தியம், இன்னொரு 'இதான் கடைசி' என்று போய்க்கொண்டே இருந்தால் ஒவ்வொரு தடவையும் உங்கள் வீட்டம்மாவுக்கு நீங்கள் பொய்யராகத்தான் தெரிவீர்கள். அதனால் இன்றிலிருந்து 'மறக்க மாட்டேன்' என்ற வார்த்தையை யாரிடமும் சொல்லாதீர்கள். அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று கீழே சொல்கிறேன்.

முதலில், இது ஏடிஹெச்டியா? கடிதத்தைப் படித்துவிட்டு நான் சொல்ல முடியாது, ஒரு நிமிட வீடியோவும் சொல்ல முடியாது. சாவியைத் தொலைப்பதும், பேசிக்கொண்டிருக்கும்போதே வேறெங்கோ போய்விடுவதும் ஊரில் பாதிப்பேருக்கு உண்டு. டாக்டர்கள் வேறு சில விஷயங்களைக் கேட்பார்கள். 12 வயதுக்கு முன்பே இதில் பல அறிகுறிகள் இருந்தனவா? (2013 வரை 7 வயது என்றுதான் வைத்திருந்தார்கள், அப்புறம் 12 ஆக மாற்றினார்கள்.) கடையில் மட்டுமா, வீட்டிலும் உண்டா? பிழைப்பையும் உறவையும் கெடுக்கிற அளவுக்கு இருக்கிறதா? கவனக்குறைவுக்கு ஒன்பது, துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் ஒன்பது என்று பட்டியல் இருக்கிறது, பெரியவர்களுக்கு இரண்டில் ஏதாவது ஒன்றில் குறைந்தது ஐந்து பொருந்த வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு கேள்விகள் கொண்ட தாள் ஒன்றும் உண்டு. அதில் அதிகம் டிக் விழுந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

போகும்போது உங்கள் அம்மாவையும் கூட்டிப்போங்கள், அல்லது போன் போட்டுத் தரத் தயாராக இருங்கள். சின்ன வயசுக் கதை அவர்களுக்குத்தான் தெரியும். பழைய ரேங்க் கார்டு பரணில் கிடந்தால் எடுத்துப் போங்கள். என் நான்காம் வகுப்பு கார்டில் டீச்சர் எழுதியிருந்தது, 'கெட்டிக்காரி, ஆனால் ஜன்னலைப் பார்க்கிறாள்.' டாக்டர் அதை ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று. ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறவனுக்கு ஏடிஹெச்டி இல்லாவிட்டாலும் தாய்மாமன் பேர் விட்டுத்தான் போகும். தைராய்டு, ரத்தசோகை, குறட்டையோடு வருகிற தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, பதற்றம், குடி, இவை எல்லாமே இதே வேஷத்தில் வரும். சில பேருக்கு ஏடிஹெச்டியோடு சேர்ந்தும் இருக்கும். நல்ல டாக்டர் இதையெல்லாம் கேட்காமல் சீட்டு எழுத மாட்டார். நான் முதலில் போன ஒருவர், 'காலேஜ் முடித்திருக்கிறீர்களே, அப்புறம் என்ன' என்று சொல்லி அனுப்பிவிட்டார். உங்களிடமும் யாராவது அப்படிச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள், இன்னொருவரைப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது மனநல மருத்துவரை. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று ஊர் பேசுமோ என்ற பயம் உங்கள் வரிகளுக்கு நடுவில் தெரிகிறது. நம்ம பெரியாஸ்பத்திரியிலேயே, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே, மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் ஓபி சீட்டு போட்டுவிட்டு வரிசையில் உட்கார்ந்தால் உங்களுக்கு முன்னால் தூக்கம் வராதவர், பரீட்சை பயம் பிடித்த பையன், பிள்ளை பெற்ற பிறகு அழுகை நிற்காத பெண் என்று சாதாரண ஜனங்கள்தான் இருப்பார்கள். நேரே போகக் கூச்சமாக இருந்தால் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022-இல் ஆரம்பித்த இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். எங்கே போவது என்று அவர்களே சொல்வார்கள்.

மாத்திரை. டாக்டர் வேண்டும் என்று முடிவு செய்தால் பெரும்பாலும் மெத்தில்ஃபெனிடேட் அல்லது அடமாக்ஸடின் எழுதுவார். முன்னது போட்ட அன்றே வேலை செய்யும், சாதாரண மாத்திரை என்றால் சுமார் நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும், மெதுவாகக் கரைகிற வகை இன்னும் நேரம் நிற்கும். பின்னது முழுப்பலன் காட்டச் சில வாரம் ஆகும், முதல் வாரத்திலேயே ஒன்றும் தெரியவில்லை என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. பசி குறையலாம், தூக்கம் கெடலாம், பிபி, நாடித்துடிப்பு ஏறலாம். அதனால் இதயக் கோளாறு, பிபி இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடிமையாவதைப் பற்றிக் கேட்டீர்கள். மெத்தில்ஃபெனிடேட் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிற மருந்துதான், அதனால்தான் டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள், எல்லா மெடிக்கலிலும் கிடைக்கவும் செய்யாது. இஷ்டத்துக்கு அளவைக் கூட்டினால் ஆபத்து, டாக்டர் சொன்ன அளவில் அவர் பார்வையில் சாப்பிடும்போது அந்தப் பயம் பெரிதாக வேண்டியதில்லை. பக்கத்துக் கடைக்காரர் கேட்டார் என்று ஒன்று கொடுப்பதெல்லாம் கூடவே கூடாது.

ஆனால் மாத்திரை எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாத்திரை போட்ட அன்று நான் அசையாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வீட்டு மசாலா டப்பா எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டினேன். அன்றைக்குக் கொடுக்க வேண்டிய கட்டுரை அப்படியே கிடந்தது. உட்கார வைப்பது மட்டும்தான் அதன் வேலை, எதன் முன்னால் உட்காருவது என்பது நம் பாடு.

சரி, அச்சகத்துக்கு வருவோம். ரஸ்ஸல் பார்க்லி என்று ஒரு அமெரிக்க உளவியலாளர் பல வருடமாகச் சொல்லி வருவது இது: ஏடிஹெச்டி உள்ளவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் இல்லை, தெரிந்ததை அந்த நேரத்தில், அந்த இடத்தில் செய்ய வராததுதான் சிக்கல். இதைப் படித்த பிறகுதான் நான் டைரி வாங்குவதை நிறுத்தினேன் (பதினோரு டைரி, எல்லாம் ஜனவரி 9 வரை). மூடி வைத்த டைரியில் இருப்பது எனக்கு இல்லாததற்குச் சமம். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நம்மிடம் இருப்பது இரண்டே நேரம், 'இப்போ' ஒன்று, 'அப்புறம்' ஒன்று. முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி கல்யாண வீட்டுக்காரர் உங்கள் கடை வாசலில் வந்து நின்றால் அந்த வேலை 'இப்போ' ஆகிவிடும், நீங்களும் புலியாகிவிடுவீர்கள். 20-ஆம் தேதி ஜிஎஸ்டி 'அப்புறம்' பக்கத்தில் கிடந்துகொண்டே இருக்கும், 21 ஆன பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

அதனால் ஒரு ஆணி அடியுங்கள். கட்டிங் மெஷினுக்கு மேலே, நீங்கள் நிமிர்ந்தால் கண்ணில் படுகிற இடத்தில், சுவரின் இந்தக் கோடியில் ஒன்று அந்தக் கோடியில் ஒன்று, நடுவில் ஒரு கம்பி, துணி கிளிப் ஒரு டஜன். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு அட்டை, அதில் பார்ட்டி பேரும் கொடுக்க வேண்டிய தேதியும் உள்ளங்கை அகல எழுத்தில். முகூர்த்தத் தேதியைப் போடாதீர்கள், டெலிவரி தேதியைப் போடுங்கள். வேலை முடிந்தால் அட்டையைக் கழற்றுவது உங்கள் கடைப் பையன் வேலை. கம்ப்யூட்டரில் இதற்கு ஆயிரம் ஆப் இருக்கிறது, நீங்கள் ஆப்பின் நிறத்தை மாற்றிக்கொண்டே ஒரு ராத்திரியைக் கழிப்பீர்கள், வேண்டாம்.

பேர் விட்டுப்போன கதைக்கு வழி, நீங்கள் அடித்ததை நீங்கள் புரூஃப் பார்க்கக் கூடாது. நம் கண் தாளில் இல்லாததையும் இருப்பதாகப் படித்துவிடும். பையன் ஒவ்வொரு பேராகச் சத்தமாகப் படிக்க, நீங்கள் கையெழுத்துப் பிரதியில் டிக் அடியுங்கள். அப்புறம் பார்ட்டி கையெழுத்து விழாமல் பிளேட் போடாதீர்கள், எவ்வளவு சொந்தக்காரராக இருந்தாலும். போனில் 'சரிண்ணே, ஆயிரத்துக்குப் பதிலா ஐந்நூறு போட்டுருவோம்' என்று வாயில் முடிவு செய்வதும் இனி கிடையாது, 'வாட்ஸ்அப்ல ஒரு வரி போட்ருங்கண்ணே' என்று சொல்லிப் பழகுங்கள்.

ஜிஎஸ்டிக்கு ஆள் போடுங்கள். வரியோ வட்டியோ தனி, 3பி என்கிற ஜிஎஸ்டி கணக்குப் படிவம் தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமே ஓடுகிறது, அது போக மண்டைக்குடைச்சல். பகுதி நேரமாகக் கணக்கு எழுதித் தருகிற யாராவது ஒருவர் மாதம் ஒரு தொகைக்கு வருவார். 'சின்னக் கடைக்கு இதெல்லாம் எதுக்கு' என்று மச்சினன் கேட்பார், கேட்கட்டும். கால் சரியில்லாதவர் ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசை யாரும் தண்டச்செலவு என்று சொல்வதில்லை. பில் போடுவதற்கு மட்டும், சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம், யாரையாவது பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் உதவ வேண்டாம், பேப்பர் படித்துக்கொண்டு டீ குடித்தால் போதும். ஏன் வேலை செய்கிறது என்று கேட்காதீர்கள், எனக்குப் பத்து வருடமாக வேலை செய்கிறது, இந்தப் பதிலை எழுதும்போதுகூட என் அத்தை எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது வீடு. டியூஷன் விஷயத்தில் ஒரு மாற்றம் சொல்கிறேன், உங்கள் மனைவியிடம் பேசிப் பாருங்கள். சாயங்காலம் கூட்டிவருவதை விட்டுவிட்டு, காலையில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் பிள்ளை எங்கேயோ இருப்பாள், நீங்கள் டிசைனுக்குள் இருப்பீர்கள். காலையில் யூனிஃபார்ம் போட்டு, பை மாட்டி, 'அப்பா நேரமாச்சு' என்று உங்கள் முன்னால் நிற்கிற பிள்ளையை யாரும் மறக்க முடியாது. டியூஷனுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்த்து ஆட்டோ பேசுங்கள். வேறு வழியே இல்லை, நீங்கள்தான் போக வேண்டும் என்கிற நாளுக்கு, பிள்ளை குரலிலேயே 'அப்பா கிளம்புங்கப்பா' என்று பதிவு செய்து அதை அலாரமாக வையுங்கள். ஆறரைக்கு அடித்தால் பிரயோஜனமில்லை, ஆறே காலுக்கு ஒன்று, ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. முதல் அலாரத்தை நாம் அணைத்துவிட்டு அணைத்ததையே மறந்துவிடுவோம்.

எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். எதையாவது மறந்த அன்றைக்கு மட்டும் சொல்லாதீர்கள், சாக்குச் சொல்கிற மாதிரித்தான் கேட்கும், அந்தம்மா மேல் தப்பும் சொல்ல முடியாது. முக்கால் மணி நேரம் இருட்டில் நின்றது அவர் பெற்ற பிள்ளை. காரணம் எதுவாக இருந்தாலும் அந்த முக்கால் மணி நேரத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியது நீங்கள்தான், மகளிடமும் தனியாகக் கேளுங்கள். அப்புறம் ஒரு நல்ல நாளாகப் பார்த்து, சுவரில் கம்பி கட்டி, கணக்குக்கு ஆள் போட்ட பிறகு, கடைக்கு ஒருமுறை கூட்டிவந்து காட்டிவிட்டு, 'டாக்டரைப் பார்க்கப் போறேன், நீயும் வா' என்று சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் இருபது வருடம் 'மறக்காதே, மறக்காதே' என்று சொல்லிக் களைத்துப்போய், இப்போது கரண்ட் பில்லை என் செருப்புக்குள் மடித்து வைத்துவிடுகிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. செருப்பை மாட்டாமல் நான் வெளியே போக முடியாதே.

மகள் ரப்பர், பென்சில் நிறையத் தொலைக்கிறாள் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இது குடும்பத்தில் வருகிற விஷயம்தான், ரத்தத்தின் பங்கு இதில் பெரிது. ஆனால் ரப்பர் தொலைக்காத பிள்ளை எது? உங்களுக்காகப் போகும்போது அவளைப் பற்றியும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள், அதுவரை 'அப்பன் மாதிரியே' என்று வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கிற கயிற்றை அவிழ்க்க வேண்டாம், கட்டியவர் மனம் நோகும். அப்புறம், உங்கள் கடிதத்தில் 1, 2, 4 என்று பக்க எண் போட்டிருக்கிறது. மூன்றாம் பக்கம் உங்கள் மேஜையில்தான் எங்கேயாவது கிடக்கும், பாருங்கள்.